செவ்வாய்க்கிழமைக் கிண்ணம்

சத்தியபாமா ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்த்துக் ‘கிருமி இல்லை’ என்று எழுதுவதற்கு முன் நூறு வரை எண்ணுவார். நுணுக்குக்காட்டியின் வட்டத்துக்குள் ஒரு தடவையில் தெரியும் பரப்புக்குப் புலம் என்று பெயர். தகட்டை மயிரிழையளவு நகர்த்தினால் அடுத்த புலம் வரும். அப்படி நூறு புலங்கள். தொண்ணூற்றொன்பது வரை நீலத்தைத் தவிர எதுவும் இல்லாமல், நூறாவதில் ஒரேயொரு சிவப்புத் துணுக்கு கிடந்த நாளும் அவருக்கு உண்டு. எண்ணும்போது அவருடைய உதடுகள் அசையும். அதனால் கூட வேலை செய்தவர்கள் அவருக்கு ‘நூறு மிஸ்’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். அவர் அதைக் கேட்டும் கேளாதவர்போல இருந்துவிடுவார்.

கரம்பொனில் 1957இல் பிறந்தவர். கொழும்பில் சளிப் பரிசோதனைத் தொழிலைப் பயின்று, அங்கேயே வேலையும் பார்த்தார். 1983 ஆடிக் கலவரத்தில், அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது அவரிடம் உடுத்திருந்த சேலையும் பயிற்சிக் கொப்பியும் மட்டுமே மிஞ்சியிருந்தன. பின்னர் யாழ்ப்பாணத்திலே நெஞ்சுநோய்ச் சிகிச்சை நிலையமொன்றில் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்தார். அங்கு சுற்றுத் தீவுகளிலிருந்து வந்த நோயாளிகளின் அட்டைகளை அவர் ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே கதை இருந்தது. ஏழு மாதம், எட்டு மாதம் ஊர் மருந்தகத்தில் இருமற் பாணி குடித்த பிறகே அவர்கள் கடல் கடந்து வந்திருந்தார்கள். நோயாளிகளுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, மருந்து கொடுப்பவர்களுக்கே முதலில் படிப்பிக்க வேண்டும் என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம், ‘நீரே போய்ப் படிப்பியும்’ என்று பதில் எழுதியது.

1988 ஆனி பதினான்காந் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, நுணுக்குக்காட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கு வள்ளத்திற் போனார். கடலில் யார் எவரைச் சுடுவார் என்று சொல்லமுடியாத காலம் அது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு வள்ளம் இல்லை என்று ஓட்டி முதலிலேயே சொல்லிவிட்டான்.

அன்று அவருக்கு இரண்டு அலுவல்கள் இருந்தன. மருந்தகத்தில் வேலை செய்பவர்களுக்குக் கசநோய் பற்றி வகுப்பெடுப்பது ஒன்று. பங்குனியில் இறந்துபோன இலட்சுமிப்பிள்ளை என்ற நோயாளியின் மருந்துப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருவது மற்றது. ஒரு நோயாளிக்கு ஒரு பெட்டி என்பது அக்கால ஒழுங்கு. முழுச் சிகிச்சைக்குமான குளிசைகளும் அவருடைய பெயர் ஒட்டிய அந்தப் பெட்டியில் இருக்கும். கொழும்பிலிருந்து மருந்து எப்போது வரும் என்று தெரியாத நாட்களில், இறந்தவரின் பெட்டி உயிரோடிருக்கும் ஒருவருக்குப் போய்ச் சேரவேண்டும்.

வகுப்புக்கு வந்தவர்கள் மூவர். மருந்தகத்தை நடத்தும் அப்போதிக்கரி அப்புத்துரை முப்பத்தொரு வருடச் சேவைக்காரர். ஊரார் அவரை டொக்டர் என்றே அழைப்பார்கள். மருத்துவிச்சி றோஸ் ஊர்காவற்றுறைக்காரி, வாய்த்துடுக்கு மிக்கவர். மூன்றாமவர் ஐயாத்துரை. மருந்தகத்தைத் திறப்பது, கூட்டுவது, குளிசை பொதி செய்வது எல்லாம் அவர்தான்.

சத்தியபாமா மூவர் கையிலும் ஒவ்வொரு சளிக் கிண்ணத்தைக் கொடுத்தார்.

“முதல்லை நீங்கள் துப்புங்கோ.”

“நானோ?” என்றார் அப்புத்துரை. “முப்பத்தொரு வருசமா ஊர்ச் சனத்தின்ர நாக்கைப் பாத்தவன் நான். என்னைத் துப்பச் சொல்லுறீரோ பிள்ளை?”

“துப்புங்கோ டொக்டர்,” என்றார் றோஸ். “எத்தினை பேரிலை எரிஞ்சு விழுந்திருப்பியள். அதை இதுக்குள்ளை துப்புங்கோ.”

அப்புத்துரை துப்பினார். சத்தியபாமா கிண்ணத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“இது எச்சில் ஐயா. எச்சிலுக்கை கிருமி இராது. விடியப்புறம் எழும்பி, மூச்சை உள்ளுக்கு இழுத்து, அடி நெஞ்சிலை இருந்து இருமிக் கொண்டுவர வேணும். நீங்கள் சொல்லிக் குடுக்காட்டில் சனம் எச்சிலைத்தான் கொண்டுவரும். நாங்களும் இல்லையெண்டு எழுதிப்போட்டு இருப்பம்.”

மூன்று கிழமைக்கு மேல் இருமுபவர் எவரானாலும் சளி எடுக்கவேண்டும்; ஒருவருக்குக் கசம் என்று தெரிந்தால் அந்த வீட்டில் உள்ள அனைவரையும் பார்க்கவேண்டும்; கிண்ணத்தில்தான் பெயர் எழுதவேண்டும், மூடியில் எழுதக்கூடாது, மூடி மாறிவிடும். அவர் இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல றோஸ் எழுதிக்கொண்டார். அப்புத்துரை எழுதவில்லை.

“எனக்கு இந்தச் சாயம் பூசுற வேலையெல்லாம் வேண்டாம். குழாயை நெஞ்சிலை வைச்சனெண்டால் கசமோ தொய்வு இழுப்போ எண்டு சொல்லுவன். இந்த ஊரிலை கசம் எண்டு ஒருத்திதான் இருந்தவள். அவளும் போயிட்டாள்.”

அவர் இதைச் சொன்னபோது ஐயாத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

மின்சாரம் இல்லாத தீவு. நுணுக்குக்காட்டிக்கு வேண்டிய ஒளியைச் சிறு கண்ணாடியால் வெயிலிலிருந்து பிடிக்கவேண்டும். அதற்காகச் சத்தியபாமா பின்பக்கத்து யன்னலைத் திறக்கப் போனார். ஐயாத்துரை எழுந்து, “அதை வேண்டாம் மிஸ், மற்றதைத் திறவுங்கோ,” என்றார். அதற்குள் யன்னல் திறந்துவிட்டது.

யன்னற் கட்டின்மேல் ஒரு சளிக் கிண்ணம் மூடியுடன் இருந்தது. உள்ளே இருந்தது நல்ல சளி, அடிநெஞ்சுச் சளி. இன்னும் நீர்த்துப்போகாத, அன்று விடியற்காலைச் சளி. கிண்ணத்தின் உடலிலே, மூடியிலல்ல, பென்சிலால் எழுதியிருந்தது: இலட்சுமிப்பிள்ளை. வயது 52.

றோஸ் சிலுவை போட்டுக்கொண்டார். “பங்குனி இருபத்தைஞ்சாந் திகதி, வெள்ளிக்கிழமை. செத்தவீட்டுக்கு நானும் போனனான் மிஸ். பாடை படலையைத் தாண்டிப் போனதை இந்தக் கண்ணாலை கண்டனான்.”

சத்தியபாமா கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். ஈர்க்கால் சளியைத் தொட்டுத் தகட்டில் பூசினார். காயவிட்டார். சிவப்புச் சாயம் ஊற்றி, கீழே விளக்கைப் பிடித்து ஆவி பறக்கச் சூடாக்கினார். அமிலத்தால் கழுவினார். நீலச் சாயம் ஊற்றினார். எல்லாம் முடிய அரைமணி நேரம் ஆயிற்று. பின்னர் அவர் குனிந்து எண்ணத் தொடங்கினார். உதடுகள் நான்கு வரை அசைந்து நின்றுவிட்டன. அதற்கு மேல் எண்ணவேண்டிய தேவை இருக்கவில்லை. நீலப் பரப்பு முழுவதும் அறுந்த நூல் சிதறியதுபோலச் சிவப்பாய்க் கிடந்தது.

“இறந்த ஆள் இருமாது,” என்றார். “ஐயாத்துரை அண்ணை, பெட்டியை எடுங்கோ.”

அலுமாரியிலிருந்து இலட்சுமிப்பிள்ளையின் பெட்டி வந்தது. இறந்த நாளில் எஞ்சியிருக்கவேண்டிய பொதிகளைவிட ஏழு குறைந்திருந்தன. ஒவ்வொரு பொதியிலும் ஒரு கிழமைக்குரிய, ஏழு நாள் குளிசை இருக்கும். ஐயாத்துரை நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“அந்த மனிசி செவ்வாய்க்கிழமைகளிலைதான் வாறவ. சாகிறதுக்கு மூண்டு நாளைக்கு முந்தியும் வந்தவ. கிண்ணம் கொண்டு வரேல்லை. கிண்ணம் இல்லாட்டில் குளிசை இல்லையெண்டு டொக்டர் திருப்பி அனுப்பிப்போட்டார். நான்தான் கையைப் பிடிச்சுப் படியாலை இறக்கிவிட்டனான். வெள்ளிக்கிழமை செத்துப்போச்சுது. முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு, அடுத்த செவ்வாய் விடிய வந்து கதவைத் திறக்கிறன், யன்னல்லை கிண்ணம். அதின்ர பேரோடை.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“என்ன செய்யிறது? கேட்ட சாமானைக் குடுக்காமல் அனுப்பினால் திரும்பி வருந்தானே. திவசத்துக்குச் செத்த ஆக்களுக்குப் பிடிச்சதை வைச்சுப் படைக்கிறேல்லையே? அதுக்குக் கடைசியா வேண்டியிருந்தது குளிசைதான். ஒரு கிழமைப் பொதியையும் வெறுங் கிண்ணத்தையும் அந்த இடத்திலை வைச்சன். அடுத்தநாள் பொதியைக் காணேல்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் கிண்ணம் வரும். நான் சுண்ணாம்புக் கிடங்குக்கை தாட்டுப்போட்டுப் பொதியை வைப்பன். இது எட்டாவது.”

அப்புத்துரையின் முகம் வெளிறியிருந்தது. “ஒவ்வொரு கிழமையும் கிண்ணம் கேக்கவேணும் எண்டுதான் நான் விளங்கினனான்,” என்றார். “இங்கிலீசிலை ஒரு கடுதாசி வந்தது. அவ்வளவுதான்.”

“இரண்டு மாத முடிவிலை ஒருக்கால், சிகிச்சை முடிவிலை ஒருக்கால் ஐயா. கிண்ணம் வராட்டிலும் குளிசை குடுக்கத்தான் வேணும்.” சத்தியபாமா குரலை உயர்த்தவில்லை. “அந்த வீட்டிலை மற்ற ஆக்களைப் பாத்தியளோ?”

“புருசன் மார்க்கண்டுவையும் மகளையும் கூப்பிட்டு நெஞ்சைக் கேட்டனான். துப்புரவா இருந்தது. மகள் இப்ப வவுனியாவிலை, மாமி வீட்டை. மார்க்கண்டு தனியத்தான். அவரும் ஒருத்தரோடையும் பேச்சுப் பறைச்சல் இல்லை.”

“அங்கை ஒருத்தரும் போறேல்லை மிஸ்,” என்றார் ஐயாத்துரை. “இலட்சுமியக்காவின்ர இருமல் அப்பிடியே கேக்குதாம். மூண்டு தரம் இருமி, நிப்பாட்டி, பிறகு ஒருக்கால். அடிவளவு மணலிலை ரத்தமும் கண்டவையாம். விடிய விடியப் புதுசாக் கிடக்குமாம்.”

“என்ன நிறம்? கறுத்தச் சிவப்போ, தோடம்பழ நிறமோ?”

ஐயாத்துரை யோசித்தார். “செம்மஞ்சள் எண்டுதான் சொன்னவை.”

சத்தியபாமா பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் குளிசையை எடுத்து மேசையில் வைத்தார். “இதை விழுங்கினால் சலம் இந்த நிறத்திலைதான் போகும். ஆக்கள் பயப்பிடாமல் இருக்க முதலே சொல்லிவைக்க வேணும். இண்டைக்குப் பின்னேரம் சொல்லித்தர இருந்த பாடம் இது.”

றோஸ் முதலில் விழித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “பேய்க்குச் சலம் போகுமோ மிஸ்?”

சத்தியபாமா சிரிக்கவில்லை. நேரம் பதினொன்றே முக்கால். அந்த வளவுக்குள் உயிருள்ள ஒருவர், நாள்தோறும் போடவேண்டிய ஊசியோ மேற்பார்வையோ இல்லாமல், யன்னற் கட்டின்மேல் படைக்கப்பட்ட குளிசைகளிலே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி வள்ளத்தில் பெட்டி போய்விட்டால் அந்த ஆள் சாவது நிச்சயம். ஆள் இன்னார் என்று அறியாமல் பெட்டியை இறந்தவளின் பெயரில் விட்டுப்போகவும் வழியில்லை.

“உச்சி வேளையிலை நான் அந்த வளவுக்கை கால் வைக்கமாட்டன்,” என்றார் அப்புத்துரை.

ஐயாத்துரை படலை வரைக்கும் வந்தார். றோஸும் சத்தியபாமாவும் உள்ளே நுழைந்தார்கள்.

அந்த நேரத்தில் தீவில் நிழல் என்பதே இல்லை. பனைகளின் நிழல் அவற்றின் அடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. வளவு கூட்டப்பட்டிருந்தது, கொடியில் சேலை காய்ந்தது. அது இலட்சுமிப்பிள்ளையின் ஊதாச் சேலை என்று றோஸ் காதுக்குள் சொன்னார். கதவு, யன்னல் யாவும் சாத்தியிருந்தன. உள்ளேயிருந்து இருமல் கேட்டது. மூன்று தரம். ஓர் இடைவெளி. பிறகு ஒருதரம். றோஸ் சத்தியபாமாவின் கையை இறுகப் பற்றினார்.

“அந்த மனிசியின்ர இருமல்தான் மிஸ். சத்தியமா அதுதான்.”

கதவு அரைவாசி திறந்தது. மார்க்கண்டு நின்றார். புகையிலைத் தோட்டத்தில் காய்ந்த உடம்பு. கண்கள் மட்டும் ஈரமாக இருந்தன. வந்தவர்களைப் பார்த்துவிட்டு, தலையை உள்ளே திருப்பி, கணவன் மனைவியைக் கூப்பிடும் குரலில், மெதுவாகச் சொன்னார்:

“இஞ்சாருமப்பா, ஆக்கள் வந்திருக்கினம். நீர் எழும்பாதையும்.”

நூறு புலம் எண்ணுகிறவர், அந்தக் கணத்தில் ஒன்றுக்குமேல் எண்ண முடியாமல் நின்றார். ஆனால் கால் பின்வாங்கவில்லை. “யன்னலைத் திறவுங்கோ ஐயா,” என்றார். “காத்தும் வெளிச்சமும் வேணும். இருமுறவைக்கும் வேணும், எங்களுக்கும் வேணும்.” மார்க்கண்டு அசையாததால் அவரே உள்ளே போய்த் திறந்தார்.

பாயில் இருந்தவள் இருபத்திரண்டு வயதுப் பெண். தாயின் சேலை, தாயின் பாய், தாய் கிடந்த மூலை. தலைமயிரையும் தாயைப்போலப் பின்கொண்டையாக முடிந்திருந்தாள்.

“கமலாதேவி!” என்றார் றோஸ். “நீ வவுனியாவிலை எண்டெல்லோ…”

“அவ கமலா இல்லை,” என்றார் மார்க்கண்டு. “அந்தியேட்டி முடிஞ்ச அண்டு இரா இருமல் தொடங்கினது. அவவின்ர இருமல். நான் முப்பது வருசம் பக்கத்திலை படுத்த ஆள், எனக்குத் தெரியாதே? குளிசை குடுக்காமல் கலைச்சுப்போட்டாங்கள். அதுதான் வந்திருக்கிறா.”

“எனக்கும் அப்பிடித்தான்,” என்றாள் மெல்ல. “இருமேக்கை என்ர சத்தம் இல்லை அக்கா. அம்மா உள்ளுக்கை இருந்து இருமுற மாதிரி. விடியமுன்னம் நான்தான் போய்க் கிண்ணத்தை வைக்கிறனான். அம்மாவின்ர பேரைத்தான் கை எழுதுது.”

சத்தியபாமா தரையில் அமர்ந்தார். பையிலிருந்து ஒரு புதுக் கிண்ணத்தையும் பென்சிலையும் எடுத்து அவள் முன் வைத்தார். அந்தத் தொழிலில் எந்தக் கிண்ணத்துக்கும் இரண்டு விபரங்கள் வேண்டும். பெயரை முதலில் எழுதுவது வழக்கம்.

“இண்டைக்கு வயசை முதல் எழுதும். இந்தச் சளி ஆரின்ர நெஞ்சிலை இருந்து வருகுதோ அவையின்ர வயசு. சரியா எழுதவேணும். குளிசையின்ர அளவு அதிலைதான் இருக்கு.”

பென்சில் கிண்ணத்தின்மேல் நின்றது. ஐந்து என்று தொடங்கப்போனவள் பென்சிலைத் தூக்கிக்கொண்டாள். வெளியே ஒரு காகம் கத்திவிட்டுப் போனது. நெடுநேரத்துக்குப் பிறகு அவள் இருபத்திரண்டு என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்து அழத் தொடங்கினாள்.

“அம்மா வரேல்லை தங்கச்சி,” என்றார் சத்தியபாமா. “ஏழு மாசம் இந்தப் பூட்டின அறைக்குள்ளை அம்மா இருமின காத்தை நீர் குடிச்சனீர். அவவின்ர கிருமிதான் வந்தது. இருமல் ஒரே மாதிரி இருக்கிறது அதாலைதான். வாரும், காட்டுறன்.”

பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு, இலட்சுமிப்பிள்ளையின் சேலையுடன், இலட்சுமிப்பிள்ளையின் கொண்டையுடன், கமலாதேவி ஒழுங்கையால் நடந்தாள். வேலிகளுக்குப் பின்னால் பேச்சுக் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒரு படலை சாத்தப்பட்டது, அடுத்ததும் சாத்தப்பட்டது. கிணற்றடியில் நின்ற ஒருத்தி வாளியைக் கயிற்றோடு விட்டுவிட்டு ஓடினாள். மார்க்கண்டு மகளுக்குப் பின்னால், சில அடி விலகி வந்தார்.

மருந்தகத்தில் அவள் நுணுக்குக்காட்டிக்குள் குனிந்தாள்.

“சின்னத் தடி மாதிரி. சிவப்பா.”

“அதுதான். அதுக்கு முகம் இருக்கோ?”

“இல்லை.”

“பேர் இருக்கோ?”

அவள் தலையை ஆட்டினாள்.

அப்புத்துரை கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கிடந்த குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார். “இந்தப் பிள்ளையின்ர முதுகிலை குழாயை வைச்சுக் கேட்டனான். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை,” என்றார். பிறகு எவரும் சொல்லாமலே கதிரையை இழுத்துப் போட்டுத் தானும் குனிந்தார். அவருடைய உதடுகளும் அசைந்தன.

ஒன்றே காலுக்குப் பெட்டியின் பெயரை மாற்றும் வேளை வந்தது. மார்க்கண்டு குறுக்கே கையை நீட்டினார். வீட்டை விட்டு வெளியே வந்த பிறகு அவருக்கு வேறு பயம் பிடித்திருந்தது.

“இறுப்பிட்டியிலை கலியாணம் பேசியிருக்கு. பெடியன் கனடாவிலை. கசக்காரி எண்டு பதிஞ்சால் எல்லாம் போச்சு. செத்தவளின்ர பேரிலையே இருக்கட்டும் பிள்ளை. அவளுக்கு இனி என்ன வரப்போகுது?”

“செத்தவையின்ர பேரிலை மருந்து எழுத ஏலாது ஐயா. பேர் இல்லாட்டில் பெட்டி வள்ளத்திலை போகுது.”

“அப்பு, கையை எடுங்கோ,” என்றாள் கமலாதேவி தகப்பனிடம். அன்றுதான் அவள் தன் குரலில் பேசினாள் என்று றோஸ் பின்னர் பலரிடம் சொன்னதுண்டு. “நீங்கள் என்னை அம்மாவைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடுறியள். இன்னும் கொஞ்ச நாளிலை நான் அப்பிடியே செத்தும்போவன். மிஸ், என்ர பேரை எழுதுங்கோ.”

பழைய பெயரின்மேல் புதிய பெயர் ஒட்டப்பட்டது. குறைந்த குளிசைகள் அடுத்த வள்ளத்தில் வரும் என்று சத்தியபாமா எழுதிக் கையொப்பமிட்டார். மார்க்கண்டுவின் சளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். அதில் நூறு புலமும் நீலமாகவே இருந்தது. ஊசியை அப்புத்துரை தானே நாள்தோறும் நடந்துபோய்ப் போட்டார். முதல் ஒரு கிழமை உச்சி வேளையைத் தவிர்த்தார் என்பது றோஸின் கூற்று.

இறுப்பிட்டியில் இருந்து அதன்பிறகு கடிதம் வரவில்லை. கமலாதேவியின் இருமல் ஆவணியில் குறைந்து, ஐப்பசியில் நின்றது. தீவு மருந்தகங்களில் சத்தியபாமா அந்த ஆண்டில் பதினொரு வகுப்புகள் எடுத்தார். 1990இல் தீவுகளுக்குப் போகும் வழி அடைபடும்வரை அது தொடர்ந்தது. அப்புத்துரை இரண்டு வகுப்புகளுக்கு வந்து, வந்தவர்களை முதலில் துப்பச் சொல்வதைத் தன் பங்காக எடுத்துக்கொண்டார்.

மார்கழி மாதத்துக் கடைசிச் செவ்வாயன்று சத்தியபாமா கடைசிச் சளியை வாங்க அனலைதீவுக்கு வந்தபோது, பின்பக்கத்து யன்னல் திறந்தே இருந்தது. யன்னற் கட்டின்மேல் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் கமலாதேவி, 22. மற்றதில் இலட்சுமிப்பிள்ளை, 52. ஐயாத்துரை கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்.

“இரண்டும் என்ர சளிதான் மிஸ்,” என்றாள் உள்ளே வந்த கமலாதேவி. “அம்மாவுக்கும் ஒருக்கால் இல்லையெண்டு எழுதினால் நல்லம். அவவைக் கிண்ணம் இல்லையெண்டு திருப்பி அனுப்பினது. இண்டைக்குக் கொண்டுவந்திருக்கிறா எண்டு நினையுங்கோவன்.”

சத்தியபாமா இரண்டு தகடுகளிலும் பூசினார், சாயமிட்டார், கழுவினார். முதல் தகட்டில் நூறு எண்ணினார். இரண்டாவதிலும் நூறு எண்ணினார். எதிலும் சிவப்பு இல்லை. முதலாவதைப் பதிவேட்டில் எழுதினார். அடுத்த வரியில் தொடரிலக்கத்தையும் திகதியையும் மட்டும் எழுதி, பெயருக்குரிய இடத்தையும் முடிவுக்குரிய இடத்தையும் வெறுமையாக விட்டார். அவர் எழுதிய பதிவேடுகளில் வெறுமையாக விடப்பட்ட வரி அது ஒன்றுதான்.

பார்த்து முடித்த தகடுகளை உடைத்துப் புதைப்பது வழக்கம்; இரண்டாவது தகட்டை அவர் உடைக்கவில்லை. ஒரு கடுதாசியில் சுற்றிக் கமலாதேவியிடம் கொடுத்தார். அவள் அதைத் தாயின் படத்துக்கு முன்னால் வைத்தாள் என்றும், செவ்வாய்க்கிழமைகளில் ஐயாத்துரை அந்த வீட்டு ஒழுங்கையால் போவதில்லை என்றும் றோஸ் சொன்னார்.